தமழி வாழக்

பிரேமலா குளித்துவிட்டு வந்தபோது மேசைமேல் டைப்ரைட்டர் இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் தெரிந்தது. சதுரத்தின் நடுவில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

பழத்தை வைத்தது யார் என்று அவள் யோசிக்கவே இல்லை. செய்யக்கூடாததைச் செய்துவிட்டு, அந்த இடத்தில் தின்பதற்கு எதையாவது வைத்துவிட்டு நழுவுவது அவளுடைய கணவர் குணாளனின் பழக்கம். காரைக் கேட்டில் இடித்தபோது ஒரு டப்பா முறுக்கு வைத்தார். மைத்துனன் கல்யாணத்துக்குத் தேதி மாற்றிப் போய் நின்ற வருடம் ஒரு முழு டுரியான்.

"ஏங்க!"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ஏங்க, மிஷின் எங்க?"

"எந்த மிஷின்?"

"வாஷிங் மிஷினயா நான் மேசை மேல வச்சிருந்தேன்?"

குணாளன் கதவிடுக்கில் தலையை மட்டும் காட்டினார். "தலைவர் கேட்டாரு லா. புதுசா காட்சியகம் தொறக்கறாங்கல்ல, அதுக்கு. காலையிலயே கொண்டு போய்க் குடுத்துட்டேன்."

"அவரு கேட்டா குடுத்துருவீங்களா? நாளைக்கு என்னையே கேட்டாருன்னா?"

"சேச்சே. உன்னய எல்லாம் அவரு கேக்க மாட்டாரு பிரேமா," என்றார் குணாளன், மனதார ஆறுதல் சொல்கிற முகத்துடன்.

தலைவர் என்றால் லாயாங் லாயாங் வட்டார முத்தமிழ்ப் பண்பாட்டுப் பேரவையின் தலைவர் சதாசிவம். பேரவை ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. அதன் பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம் என்பதால், 'பேர' வரைக்கும் இவர்கள் சுவரிலும் 'வை' மட்டும் பக்கத்து மோட்டார் சைக்கிள் பட்டறையின் சுவரிலும் தொங்கியது. சைக்கிளைக் கொண்டுவருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, எங்கே வைப்பது என்று பட்டறைக்காரரைக் கேட்பதுண்டு.

சதாசிவம் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளில் பணம் பார்த்தவர். பணத்துக்குப் பிறகு தமிழைப் பார்த்தார். அவருக்குச் 'செந்தமிழ்ச் செம்மல்' என்று ஒரு பட்டம் உண்டு. பேரவை வழங்கியது. பட்டத்தை வழங்க வேண்டியவர் தலைவர், வாங்க வேண்டியவரும் தலைவர். ஒரே ஆள் புகைப்படத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடியாது என்பதால், வழங்குகிற பக்கம் பொருளாளர் குணாளன் நின்றார். அந்தப் படம் இன்றைக்கும் பிரேமலாவின் வீட்டு வரவேற்பறையில், அவளுடைய விருப்பத்துக்கு மாறாக, தொங்குகிறது.

மேடையில் பேசுகிற தமிழைச் சதாசிவம் இறங்கிய பிறகும் கழற்றுவதில்லை. மாமாக் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, எல்லாரும் தே தாரிக் என்று கேட்பதை "இழுத்த தேநீர் ஒன்று, இனிப்புக் குறைவாக" என்பார். கடைக்காரரும் ஒவ்வொரு தடவையும் எதையாவது கொண்டுவந்து வைப்பார். அது இதுவரை தே தாரிக்காக இருந்ததில்லை. தலைவரும் அதைக் காட்டிக்கொள்ளாமல் குடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய்ச் சேர்ந்திருந்தது பிரேமலாவின் டைப்ரைட்டர்.

அது பரம்பரைச் சொத்து ஒன்றும் இல்லை. பிரேமலாவே இணையத்தில் பார்த்து வாங்கியது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்த ஒரு சீனர் விளம்பரம் போட்டிருந்தார்: 'பழைய கையடக்கத் தட்டச்சுப்பொறி. தாய்லாந்து எழுத்து. மிக நன்றாக வேலை செய்யும்.' படத்தை விரலால் பெரிதாக்கியபோது ஒரு விசையில் 'ழ' தெரிந்தது. தாய்லாந்துக்காரர்களிடம் ழ இருப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை. நேரில் போனபோது அந்தச் சீனர் மிகவும் வருத்தப்பட்டார். எத்தனையோ தாய்லாந்துக்காரர்கள் வந்து பார்த்தார்களாம், ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லையாம். இந்தக் காலத்தில் படிப்பே குறைந்துவிட்டது என்றார்.

இளம்பச்சை நிறம், கைப்பிடி வைத்த பெட்டி, பின்பக்கம் மேற்கு ஜெர்மனி என்ற முத்திரை. ஒரு விசைகூடச் சிக்காது. வரி முடிந்தால் மணி அடிக்கும். ரிப்பனுக்குத்தான் ஜொகூர் பாரு வரைக்கும் போக வேண்டும்.

அழகுக்காக அவள் அதை வாங்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. பேனா பிடித்தால் எழுத்து பாம்பு மாதிரி ஓடியது. கைப்பேசியில் ஒரு தடவை தொட்டால் அது மூன்று தடவை என்று எடுத்துக்கொண்டது. "கடைக்குப் போ" என்று கணவருக்கு அனுப்பினால் "ககககடைக்கு" என்று போய்ச் சேர்ந்தது. அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வராமல் இருந்துவிட்டார். டைப்ரைட்டர் அப்படி இல்லை. அதன் விசையை நடுங்குகிற விரல் சும்மா உரசினால் அது அசைந்துகொடுக்காது. நிஜமாகவே இந்த எழுத்துதான் வேண்டும் என்று அழுத்தினால் மட்டும் அடிக்கும். பிரேமலா தன் வாழ்க்கையில் பார்த்தவர்களில் அவ்வளவு நிதானமாக அவள் பேச்சைக் கேட்டது அந்த இயந்திரம் ஒன்றுதான்.

அதில் அவள் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள். வாரம் தவறாது. அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு, கோயில் ஒலிபெருக்கி, மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டு ஐந்தரைக்கு ஆரம்பிக்கும் விழாக்கள். அடித்த தாளைக் குணாளன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஞாயிறு பதிப்பில் 'பிரேமலா, லாயாங் லாயாங்' என்று வந்தால், அன்றைக்கு ஊரில் இரண்டு மூன்று பேருக்குச் சாப்பாடு இறங்காது.

டைப்ரைட்டரில் ரிப்பன் தீர்ந்துபோயிருந்த சமயத்தில், வாயால் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைக் கைப்பேசியில் ஒருமுறை முயன்றாள். 'எங்கள் வீட்டு முன்னால் சாக்கடை வழிந்து ஓடுகிறது' என்று சொன்னதை அது 'சாக்லேட் வழிந்து ஓடுகிறது' என்று எழுதிக்கொண்டது. பத்திரிகையும் அப்படியே போட்டது. யாரும் சாக்கடையைச் சுத்தம் செய்ய வரவில்லை, பிள்ளைகள் வந்தார்கள்.

ஆகவே டைப்ரைட்டர் இல்லையென்றால் பிரேமலாவுக்கு வாய் இல்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் அவள் பேரவைக்குக் கிளம்பினாள். வாழைப்பழத்தைத் தொடவில்லை.

மாடியில் 'முன்னோடிகள் அரங்கம்' தயாராகிக்கொண்டிருந்தது. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையோரம் விற்கிற பூச்சாடி ஒன்றுக்குக் கீழே 'தோட்ட லயத்துத் தண்ணீர்ப்பானை' என்று அட்டை வைத்திருந்தார்கள். சாடியில் டிராகன் படம் இருந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்கள். அடுத்து ரப்பர் பால்மரம் சீவும் கத்தி ஒன்று, விலைச் சீட்டு பாதி கிழிந்த நிலையில். நடுநாயகமாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதன் பக்கத்தில் ஸ்டூல்மேல் அவளுடைய இயந்திரம். அட்டையில் இப்படி இருந்தது: 'முன்னோடிப் படைப்பாளர் சின்னத்தம்பி ஐயா தம் காவியங்களைப் பொறித்த பொறி.'

"வருக, சகோதரி பிரேமலா!" சதாசிவம் இரண்டு கைகளையும் விரித்தார். "வள்ளலின் துணைவியார் வருகிறார். வசந்தா, ஓர் இருக்கை கொண்டு வா."

வசந்தன் கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிறவன். இந்த அரங்கத்துக்கும் அவன்தான்.

"உக்கார வரல தலைவரே. மிஷின எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஈந்ததைத் திரும்பப் பெறுவதா?"

"யாரு ஈஞ்சா? நான் தூங்கிட்டிருந்த நேரத்துல தூக்கிட்டு வந்துட்டாரு."

"நேற்றுச் செயற்குழுவில் உம் கணவர் தாமே ஒலிவாங்கியில் அறிவித்தார், சகோதரி. கரவொலி எழுந்தது. பொன்னாடையும் போர்த்தினோம்."

பிரேமலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நேற்றுக் குணாளன் வீட்டுக்குள் வரும்போது தோளில் சரிகைத் துணி இருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு, மீட்டிங்கில் ஏர்கோன் ஜாஸ்தி என்றார்.

"அந்தப் பொன்னாடைய நான் துவைச்சு இஸ்திரி போட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"பொன்னாடையைத் திரும்பப் பெறும் மரபு எங்கும் கிடையாது," என்றார் சதாசிவம். அது உண்மைதான். அவளுக்கே தெரியும். போர்த்திய துணியைப் பேரவைக்குத் திருப்பித் தருவது, தாலியைக் கடையில் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. துணி யாருக்கும் உதவாது, ஆனாலும் வாங்க மாட்டார்கள்.

"சரி. ஆனா சின்னத்தம்பி ஐயா இத கண்ணால பாத்தது கூடக் கிடையாதே. அவரு பென்சில்லதான் எழுதுவாரு. அதையும் காதுல சொருகிகிட்டு வீடு பூரா தேடுவாரு. இது நான் சிங்கப்பூர்ல ஆன்லைன்ல வாங்குனது."

"வரலாறு என்பது, சகோதரி, யாரிடம் காட்சியகம் இருக்கிறதோ அவர்களிடம் இருக்கிறது." இதைச் சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் அசந்துபோய், வசந்தனைப் பார்த்து, "குறித்துக்கொள்," என்றார். வசந்தன் குறித்துக்கொள்ளவில்லை. அவன் டைப்ரைட்டரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான், வீடு வாங்க வந்தவன் மாதிரி.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா பிரச்சினை," என்றான். "ரொம்பப் புதுசா இருக்கு."

"என்னது?"

"பளபளன்னு இருக்கு. பாக்கறவங்க நம்ப மாட்டாங்க. முன்னோடின்னா கொஞ்சம் துரு வேணும்ல. வினிகர்ல ஊறப்போட்டு, உப்புத்தண்ணி அடிச்சு வெயில்ல வச்சா, சும்மா நூறு வருஷம் ஆன மாதிரி வந்துரும். கடைசியில கீ எல்லாத்தையும் சூப்பர் குளூ வச்சு ஒட்டிருவேன். வர்றவங்க நோண்ட மாட்டாங்க."

"ஒட்டிட்டா எப்படிப்பா அடிக்கறது?"

வசந்தன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, இது எக்ஸிபிட். இத எதுக்கு அடிக்கணும்?"

சதாசிவம் தொண்டையைச் செருமினார். "திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரும் டத்தோ அவர்கள் தம் திருக்கரத்தால் இதில் இரண்டு சொற்கள் பொறிப்பார். அதன்பின் வேறொரு விரல் இதைத் தீண்டலாகாது. அதுதான் மரியாதை. மறுநாளே வசந்தன் பணியைத் தொடங்குவான்."

பிரேமலா கையை நீட்டி டைப்ரைட்டரின் விளிம்பைப் பிடித்தாள். கை நடுங்கியது. சதாசிவம் தம் கையை அதன்மேல் மெதுவாக வைத்து, "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு வந்த முதல் யோசனை, இதையெல்லாம் நறுக்கென்று பத்திரிகைக்கு எழுதுவது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எதிரே வாழைப்பழம். எழுதினால்தான் இயந்திரம் திரும்ப வரும். இயந்திரம் திரும்ப வந்தால்தான் எழுத முடியும். வேறு வழியில்லாமல் கைப்பேசியை எடுத்து வாய் திறந்து சொன்னாள். அது எழுதிக்கொண்டது: 'என்னுடைய டைகரை என் கணவர் தலைவரிடம் கொடுத்துவிட்டார். அது நன்றாக வேலை செய்யும். அதை வினிகரில் ஊறவைக்கப் போகிறார்கள்.'

"இத அனுப்பிறாத பிரேமா," என்றார் பின்னால் நின்று படித்த குணாளன். "வனவிலங்கு இலாகாலேர்ந்து வந்துருவாங்க."

"வரட்டும். உங்களப் புடிச்சுட்டுப் போகட்டும்."

"நான் வேணும்னா தலைவர்கிட்ட பேசிப் பாக்கறேன்."

"பேசுங்க. பேசிட்டு இன்னொரு பொன்னாடையோட வாங்க."

அவர் போய்ப் பேசினார் என்றுதான் சொன்னார். திரும்பி வரும்போது தோளில் துணி இல்லை. கையில் அழைப்பிதழ் கட்டு இருந்தது. அதில் அவளுடைய இளம்பச்சை இயந்திரத்தின் படம், வண்ணத்தில், டத்தோவின் படத்தைவிடச் சற்றே சிறியதாக.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. டத்தோ நேரத்துக்கு வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வந்ததும் மாலை, மேளம், குத்துவிளக்கு, வரவேற்புரை. பிறகு வரவேற்புரையை வரவேற்று ஓர் உரை. சதாசிவம் டத்தோவை அறிமுகப்படுத்திப் பேசிய நேரத்தில் ஒரு குழந்தை பசியெடுத்து அழுது, பால் குடித்து, தூங்கி, மறுபடி பசியெடுத்து அழுதது. பிரேமலா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் அவளுடைய இயந்திரம் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். சரத்தின் நுனி எழுத்துக்கம்பிகளுக்குள் விழுந்து கிடந்தது.

டத்தோ மேசைக்கு வந்து அமர்ந்தார். நல்ல உயரமான மனிதர், இரண்டு ஆள்காட்டி விரல்களையும் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டார். வசந்தன் கைப்பேசியைத் தாளுக்கு மேலே பிடிக்க, அது பின்னால் இருந்த பெரிய திரையில் தெரிந்தது.

"டத்தோ அவர்கள் 'தமிழ் வாழ்க' எனப் பொறிக்கிறார்!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார் சதாசிவம்.

பிரேமலாவுக்குத் திக்கென்றது. தமிழ் டைப்ரைட்டருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் உரிய விசைகளை அடித்தால் உருளை நகராது. எழுத்துக்குத் தலையில் வைக்க வேண்டியதை முதலில் அடித்துவிட்டு, அப்புறம்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கையால் எழுதுகிற மாதிரி எழுத்தை முதலில் அடித்தால் அது ஓரடி நகர்ந்து போய்விடும். பின்னால் வருகிற புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும்.

அவள் எழுந்தே விட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் தன் இயந்திரம் நாலு பேருக்கு முன்னால் தப்பாக அடிப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "டத்தோ, புள்ளிய மொதல்ல தட்டணும். புள்ளி வச்சிட்டு அப்புறமா—"

"சகோதரி!" சதாசிவம் சிரித்தார், சபையையும் சிரிக்கச் சொல்லும் சிரிப்பு. "டத்தோ அவர்களுக்கே தமிழ் கற்றுத்தருகிறீர்களா?"

சபை சிரித்தது. குணாளன் அவளுடைய சேலையை இழுத்து உட்கார வைத்தார்.

டத்தோ அடித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் தேடினார். தேடிக் கண்டுபிடித்தபோதெல்லாம் கூட்டம் கைதட்டியது. கடைசி எழுத்தை அடித்துவிட்டு விரல்களை ஊதினார்.

திரையில் தெரிந்தது: தமழி வாழக். இரண்டு சொல்லுக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாமல், ஒரு புள்ளி அந்தரத்தில் மிதந்தது.

"தமிழ் வாழ்க!" என்று படித்தார் சதாசிவம், தாளைப் பார்க்காமலே. மண்டபம் அதிர்ந்தது.

கைதட்டல் அடங்கியதும், நாசி லெமாக் சோற்றுக்கடை வெள்ளையம்மாவின் குரல் கேட்டது. தாழ்த்திப் பேசுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார். "தமழி யாருடி? டத்தோ சம்சாரமா?"

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். டத்தோ திரையைப் பார்த்தார். சதாசிவம் கடைசியாகப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு லோரி பின்பக்கமாக வருகிற மாதிரி ஏதோ நடந்தது.

ஆனால் அந்த மனிதரைக் குறைத்து எடைபோடக் கூடாது. ஒரு மூச்சு இழுத்தார். "பிழையன்று!" என்று முழங்கினார். "இது பிழையே அன்று! எழுத்துச் சீர்திருத்தங்களுக்கெல்லாம் முற்பட்ட முன்னோடி வடிவம் இது. சின்னத்தம்பி ஐயா அவர்கள் காலத்தில் நம் மொழியைத் 'தமழி' என்றே வழங்கினர். இப்பொறியில் வேறு விதமாகப் பொறிக்கவே இயலாது! டத்தோ அவர்கள் அதை அறிந்தே பொறித்தார்கள்."

டத்தோவின் நிறம் திரும்பி வந்தது. "ஆமா ஆமா. நான் வேணும்னேதான் அப்படி அடிச்சேன்."

இப்போது எழுந்த கைதட்டல் முதலில் வந்ததைவிடப் பெரியது.

"அந்த நடுவுல ஒரு புள்ளி தனியா நிக்குதே, அது எதுக்கு?" என்றார் வெள்ளையம்மா, விடாமல்.

"அது மௌனப் புள்ளி," என்றார் சதாசிவம்.

பிரேமலா கண்களை மூடிக்கொண்டாள்.

அடுத்தது சாப்பாடு. முன்னோடிகள் அரங்கத்தைவிட ஆட்டுக்கறி வரிசைக்குத்தான் கூட்டம் இருந்தது. டத்தோ படம் எடுத்துக்கொண்டு, "அந்தப் பேப்பர நல்லா ஃபிரேம் பண்ணி வைங்க, அடுத்த தடவ வந்து பாப்பேன்," என்று சொல்லிக் காரேறினார். மேடையில் சதாசிவமும் வசந்தனும் மட்டும் நின்றார்கள். தாளைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எந்தக் கோணத்தில் சாய்த்து வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிரேமலா படியேறி வந்தாள். யாரையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மல்லிகைச் சரத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். விழாவின் நிகழ்ச்சி நிரல் ஒன்றைத் திருப்பி, வெள்ளையான பின்பக்கம் வெளியே தெரியும்படி உருளைக்குள் சுற்றினாள்.

"சகோதரி, அதைத் தீண்டலாகாது என்று—"

அவள் அடித்தாள். விரல் ஒவ்வொரு விசைக்கு மேலேயும் வந்து சற்று நடுங்கியது, பிறகு இறங்கியது. கொக்கி முதலில், பிறகு ம. புள்ளி முதலில், பிறகு ழ. தாளை உருவி எடுத்துச் சதாசிவத்தின் முன்னால் நீட்டினாள்.

தமிழ் வாழ்க. அச்சுக் கோத்த மாதிரி இருந்தது.

சதாசிவம் இரண்டு தடவை படித்தார்.

"அலமாக்!" என்றார். அவர் வாயிலிருந்து செந்தமிழ் அல்லாத ஒரு சொல் வந்ததை வசந்தன் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான். "என்னங்க இது? நல்லா வருது?"

"நல்லா வேலை செய்யிற மிஷின் தலைவரே. நாளைக்கு டத்தோவே வந்து சரியா அடிச்சாலும் இப்படித்தான் வரும். சின்னத்தம்பி ஐயா அடிச்சிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்."

"வசந்தா, குளூ எங்கடா? இப்பவே ஒட்டு!"

"கார்ல இருக்கு தலைவரே. சாப்பிட்டு எடுத்துட்டு வரேனே. ஆட்டுக்கறி முடிஞ்சிரும்."

"ஒட்டுங்க," என்றாள் பிரேமலா. தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "மிஷின் உங்களோடது, பொன்னாடை போட்டாச்சு. இந்தத் தாள் என்னோடது. இதையும், டத்தோ அடிச்சத ஆளாளுக்குப் போன்ல எடுத்த படத்துல ஒண்ணையும் சேர்த்து ஞாயிறு பதிப்புக்கு அனுப்பப் போறேன். கீழ ரெண்டே வரி எழுதுனா போதும். அதுக்கு டைப்ரைட்டர் கூட வேணாம், யார்கிட்டயாவது சொல்லி எழுதிக்கலாம். ஊருல அதுக்கு எத்தன பேரு வரிசையில நிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

சதாசிவம் பட்டறையில் கழற்றிப் போட்ட சைக்கிள் மாதிரி நின்றார். கூட்டத்தை எட்டிப் பார்த்தார். டத்தோவின் தாளைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். அது அங்கே இருக்கிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம், ஒட்டினாலும் யாராவது சுரண்டிப் பார்க்கலாம். அதைவிட ஆபத்தான ஒரு பொருள் இந்த அரங்கத்துக்குள் இல்லை.

"சரி லா," என்றார் மெதுவாக. "எடுத்துட்டுப் போயிருங்க. இப்பவே. பின்பக்கப் படி வழியா."

"பொன்னாடை?"

"அத உங்க வீட்டுக்காரரே வச்சுக்கட்டும்." பிறகு குரல் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. இந்த 'தமழி' விஷயத்த நீங்க எங்கயும் எழுதக் கூடாது. பேப்பருக்கும் கூடாது, யாரு பேருலயும் கூடாது. உங்க எழுத்து மேல சத்தியம் பண்ணுங்க."

இத்தனை வருடத்தில் பிரேமலாவின் கைக்கு இப்படி ஒரு கடிதம் கிடைத்ததில்லை. அது ஏற்கெனவே மனதுக்குள் முழுசாக எழுதப்பட்டிருந்தது, தலைப்புகூட இருந்தது. அதை அனுப்பினால் ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். அனுப்பினால் நாளைக்கு இந்த இயந்திரம் வினிகரில் கிடக்கும், அப்புறம் எழுத எதுவும் இருக்காது.

"பண்றேன்," என்றாள்.

பெட்டியைக் குணாளன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல, கொஞ்ச நாளைக்குத்தான்னு," என்றார் வழியில்.

"நீங்க சொல்லவே இல்ல."

"சொல்லணும்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் நடந்ததுதான் பிரேமலாவால் தாங்க முடியாதது. டத்தோவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. பாலோ ஊரில் ஒரு கூட்டத்தில் 'தமழி எங்கள் மூச்சு' என்று பேசினார். பேரவை உடனே ஒரு பேச்சுப் போட்டி அறிவித்தது; தலைப்பு 'தமழியின் தொன்மை'. பரிசு பெற்ற பெண் மௌனப் புள்ளியைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் பேசினாளாம். நடுவர்கள் கண்கலங்கினார்களாம்.

பிரேமலா சாக்கடையைப் பற்றி எழுதினாள். ஒலிபெருக்கியைப் பற்றி எழுதினாள். விசைகள் எப்போதும் போல வேலை செய்தன. ஒவ்வொரு கடிதத்தின் நடுவிலும் அவள் விரல் 'த' மேல் வந்து நின்று, வேறு எங்கேயோ போனது.

ஒரு வியாழக்கிழமை ஞாயிறு பதிப்பின் ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. 'வணக்கம் அம்மா. "தமழி" பற்றி வாசகர்கள் நிறைய எழுதுகிறார்கள். எல்லாமே பாராட்டுதான். உங்களைப் போன்றவர் ஒரு கருத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். பாதிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.'

பாதிப் பக்கம். இதுவரை அவளுக்கு அவர்கள் ஒதுக்கிய அதிகபட்ச இடம் உள்ளங்கை அகலம்.

அவள் தாளைச் சுற்றினாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, புள்ளியெல்லாம் அதனதன் இடத்தில் விழும்படி அடித்தாள்: 'கருத்து எதுவும் இல்லை.'

"ஏங்க, வந்து படம் எடுங்க."

குணாளன் கைப்பேசியுடன் வந்தார். புதிதாக ஒரு மஞ்சள் டீ-சட்டை போட்டிருந்தார். மார்பில் சிவப்பு எழுத்தில் 'தமழி வாழக்'. செயற்குழு உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்களாம். சட்டை ஓரளவு சிறியது. மௌனப் புள்ளி நேராகத் தொப்பையின் உச்சியில் வந்து நின்றது.

"எப்படி இருக்கு?"

"திரும்புங்க."

திரும்பினார். முதுகில் 'பொருளாளர' என்று இருந்தது. கடைசிப் புள்ளியைக் காணவில்லை. அது தள்ளிப் போய் அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"தலைவர்தான் அப்படிப் போடச் சொன்னாரு. இனிமே எல்லாமே முன்னோடி வடிவமாம்," என்றார் குணாளன். "நல்லா இல்லயா?"

பிரேமலா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கையத் தூக்காதீங்க," என்றாள். "படத்த எடுங்க."